கை வெளியே வரும்வரை

போன மாதம் தினேஷ் என்ற பையன் போன் செய்தான். முன்பு என்னிடம் தொழில் கற்றவன், இப்போது சென்னையில் ஒரு பந்தயக் கார் குழுவில் மெக்கானிக் வேலை பார்க்கிறான். நான் வேலையை விட்டுவிட்டு நீடாமங்கலம் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகும், கியர் பெட்டியில் ஏதாவது பிடிபடாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பான். அன்றைக்குக் கேட்டது வேறு.

“அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். சீசனுக்கு முன்னாடி டிரைவருங்களுக்குக் கண்ணு பாக்குறாங்கல்ல, கதிரேசன் டெஸ்ட்டு. அந்தக் கதிரேசன் எந்த ஊரு டாக்டர்ண்ணே? மெட்ராஸா, வெளிநாடா? இங்க பசங்களுக்குள்ள பிரியாணி பந்தயம்.”

“டாக்டர் இல்ல தம்பி.”

“அப்புறம்?”

“டிரைவர்.”

“டிரைவரா? ஜெயிச்சிருக்காராண்ணே?”

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாள் அவனே கூப்பிட்டு, மெக்கானிக்குகள் சேர்ந்து ஆண்டுதோறும் போடும் மலருக்கு எழுதித் தரச் சொன்னான். “போன்ல கேட்டா நீங்க மூணு வார்த்தைக்கு மேல பேச மாட்டீங்க. எழுதியாவது குடுங்கண்ணே” என்றான். அது உண்மைதான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. எழுதுவது அதைவிடச் சுலபம். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஜெயித்திருக்கிறாரா என்று கேட்டதற்காக அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வேலைக்கு வந்தபோது கதிரேசன் அண்ணன் பந்தயத்தில் இல்லை. அவர் நாட்டின் சாம்பியன், ஒரு முறை அல்ல, பல முறை. அவரைவிட அதிகமாகப் பட்டம் எடுத்தவர் அன்றைக்கு ஒருவர்தான். இன்னும் ஒரு பட்டம் எடுத்திருந்தால் அவருக்குச் சமமாகியிருப்பார். அந்தக் கடைசிப் பந்தயத்தில் அண்ணனை ஓடவிடாமல் செய்தவன் நான். மற்றவர்கள் அவரவர் கேள்விப்பட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ஆயில் எஞ்சின், பவர் டில்லர், டிராக்டர் என்று எல்லாம் அங்கே வரும். அண்ணன் வெண்ணாற்றங்கரையில் நிலபுலன் உள்ள குடும்பம். கல்லூரியில் படித்தவர். ஒருநாள் ஒரு பழைய காரை இழுத்துவந்து, பந்தயத்துக்கு ஓடுகிற மாதிரி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். பட்டறை முதலாளி அதெல்லாம் ஆகாத காரியம் என்று நீளமாகக் காரணம் சொன்னார். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பி, “நீ ஒண்ணும் சொல்லலியே, அப்ப முடியும்போலருக்கு. கூட வர்றியாடா?” என்றார். போனேன். சென்னையில் முதல் சில வருடங்கள் டயர் உருட்டினேன், பெட்ரோல் தூக்கினேன், கையைச் சுட்டுக்கொண்டேன். பிறகு கார் முழுவதும் என் பொறுப்புக்கு வந்தது.

அண்ணனிடம் வேலை பார்த்தவர்கள் யாரும் அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. ஒரு வேலை சரியில்லை என்றால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார். கழற்று என்றும் சொல்ல மாட்டார், மாட்டு என்றும் சொல்ல மாட்டார். நாமாகத் தப்பைக் கண்டுபிடித்துத் திரும்பச் செய்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். திட்டு வாங்கினால் அந்த நிமிடத்தோடு போய்விடும். இது அப்படி இல்லை. நாகப்பட்டினத்துக்காரன் பாலு எங்கள் டயர் ஆள், மீன்பிடிக் குடும்பம், வாய்க்குப் பூட்டே கிடையாது. அவன் சொல்வான்: “கடல்ல சுறா வந்தாக்கூட அடிச்சு வெரட்டலாம்யா. இந்த முக்காலி வந்தா ஓட எடமில்ல.”

பாராட்டும் கிடையாது. ஜெயித்து வந்து இறங்கினால் கோப்பை பக்கம் போகும் முன் காரின் முன் டயரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். ரப்பர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். பிறகுதான் மாலை, படம் எல்லாம்.

அவர் முதல் பட்டம் எடுத்தது மழையில். சென்னைத் தடத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வழக்கமான பாதையிலேயே வளைவுகளில் திரும்ப, ஒவ்வொருவராகச் சறுக்கி வெளியே போனார்கள். அண்ணன் மட்டும் யாரும் போகாத ஓரத்தில் அகலமாகப் போய்த் திரும்பினார். பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. கடைசியில் முதலாவதாக வந்தார். இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். அண்ணன் அவருக்கு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, உள்ளே வந்து எங்களிடம் சொன்னார்:

“மழை நாள்ல வரப்புல எங்கடா கால் வைப்ப? எல்லாரும் நடந்து நடந்து வழுவழுன்னு ஆன எடத்துலயா?”

“புல்லு மேலண்ணே.”

“அவ்வளவுதான். இதுக்குப் போய் கப்பு குடுக்குறாங்க.”

சும்மா அடக்கத்துக்குச் சொன்னதில்லை. அவருக்கு உண்மையிலேயே அது அவ்வளவுதான். முன்னால் போகிற காரை முந்துவதைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார். வரப்பில் எலி வளை இருந்தால் தண்ணீர் தானாகக் கண்டுபிடித்துவிடும், முட்ட வேண்டியதில்லை, ஒட்டிக்கொண்டே நின்றால் போதும் என்பார். சுற்றுக்குச் சுற்று எதிராளியின் பின்னாலேயே போய், அவன் எங்கே பிரேக்கைக் கொஞ்சம் முன்கூட்டி மிதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு முறைதான் நுழைவார்.

பெல்ட் போடுகிற முறையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. பந்தயக் காரில் ஓட்டுநர் தானாகப் பெல்ட்டை இறுக்கிக்கொள்ள முடியாது. இடம் அவ்வளவு நெருக்கம். மெக்கானிக்தான் குனிந்து உள்ளே கையை விட்டு மாட்ட வேண்டும். முதலில் இடுப்புப் பட்டை. அது இடுப்பெலும்புக்குக் கீழே படிய வேண்டும். வயிற்றின்மேல் ஏறினால் மோதலில் குடல் போய்விடும். அடுத்தது தொடைகளுக்கு நடுவே வருவது. கடைசியாகத் தோள் பட்டைகள். எல்லாம் நடுவில் ஒரு வட்டப் பூட்டில் வந்து சேரும். தோள் பட்டையை இழுக்கும்போது நான், “மூச்ச விடுங்கண்ணே” என்பேன். அண்ணன் உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் விட்டு நெஞ்சைத் தாழ்த்துவார். அப்போது இழுப்பேன். காறையெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்ப்பேன். நுழைந்தால் இன்னொரு இழுப்பு.

“தாலி கட்டுறவன்கூட இவ்வளவு பயபக்தியா முடிச்சுப் போட மாட்டான்யா” என்று பாலு சொல்ல, ஒருமுறை மல்லிகா அண்ணி பக்கத்தில் இருந்தார். அண்ணனின் மனைவி. “எனக்குக் கட்டுனத விட இதத்தான் ஒழுங்காக் கட்டிக்கிட்டாரு” என்றார். அண்ணன் தலைக்கவசத்துக்குள்ளே சிரித்தது கண்ணில் தெரிந்தது.

எங்கள் குழுவில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. ஒருமுறை வேறொரு குழுவில் மெக்கானிக்கின் கை உள்ளே இருக்கும்போதே ஓட்டுநர் காரை எடுத்துவிட்டார். கை முறிந்த சத்தம் எங்கள் பக்கம்வரை கேட்டது. அன்றைக்கு மாலை அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “இனிமே ஒன் கை வெளிய வந்தாத்தான் என் கால் கீழ போகும். கொடி காட்டுனாலும் சரி, எவன் கத்துனாலும் சரி” என்றார். பெல்ட் முடிந்ததும் கையை வெளியே எடுத்துக் காரின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். அதன்பிறகுதான் அவர் கண் சாலைக்குப் போகும். எத்தனை அவசரமானாலும் அவர் அதை மீறியதில்லை. பந்தயத்தில் இருந்த எல்லாருக்கும் எங்கள் வழக்கம் தெரியும்.

அந்தக் கடைசி வருடம் அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பட்டத்தை எடுத்தால், தஞ்சாவூர் பக்கம் அவர் பேரில் ஒரு ஓட்டுநர் பள்ளி கட்டித் தருவதாக எங்களுக்கு விளம்பரம் கொடுத்த கம்பெனி சொல்லியிருந்தது. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. “கப்பெல்லாம் துருப்பிடிக்கும்டா மணி. பேரு நிக்கணும்” என்று இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்னால் கோயம்புத்தூரில் நடந்த ஒரு ஓட்டத்தில், முன்னால் போன காரின் சக்கரம் கழன்று வந்து அண்ணனின் கார்மேல் விழுந்தது. கார் சுழன்று தடுப்பில் மோதியது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். தலையில் அடி. எழுந்து நடந்தார், பேசினார், சாப்பிட்டார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று அவரே எங்களிடம் சொன்னார். அடுத்த ஓட்டத்தில் நடுவாந்திரமாக வந்தார். இருந்தாலும் பட்டம் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பொங்கல் கழித்து நடக்கும் கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தால் போதும்.

பொங்கலுக்கு இருவரும் ஊருக்கு வந்தோம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சமயத்தில் தார்ச்சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொள்ளும். காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். பஸ்காரர்கூட ஒதுங்கித்தான் போவார். அண்ணன் சின்ன வயதிலிருந்தே அந்தச் சாலையில் ஓட்டுகிறவர். நெல் கிடந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்குவார். எதிரே வண்டி வந்தால் அது போகும்வரை நின்றுதான் எடுப்பார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை அவர் ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் நெல் தெரிந்தது. இதோ ஒதுங்குவார், இதோ ஒதுங்குவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒதுங்கவில்லை. கற்கள் டயரில் பட்டுத் தெறித்தன. பிறகு அடியில் நெல் அரைபடுகிற சத்தம், சரசரவென்று, அந்த நீளம் முழுவதும்.

“அண்ணே! நெல்லு!”

நிறுத்தினார். “எங்கடா நெல்லு?” என்றார்.

அவர் விளையாடுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. நேராகப் பார்த்து, பின்னால் திரும்பிப் பார்த்து, பிறகு தலையை நன்றாக இடப்பக்கம் வளைத்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது.

நெல்லுக்குச் சொந்தக்காரர் செல்லையா, குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர், துடைப்பத்தோடு ஓடிவந்தார். “ஏங்க, நீங்களே இப்படி ஏத்தலாமாங்க? வெளியூர்க்காரன் ஏத்துனா திட்டலாம். ஒங்கள என்னன்னு திட்டுறது?”

“தெரியாமப் பண்ணிட்டேன் செல்லையா. நெல்லுக்கு நான் பொறுப்பு.”

“பொறுப்பு கெடக்கட்டுங்க. இவ்வளவு பெருசாக் கெடக்கு, தெரியலங்குறீங்களே” என்றவர், என் பக்கம் வந்து தணிந்த குரலில், “காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டாரா?” என்று கேட்டார். அண்ணன் வாழ்நாளில் தொட்டதில்லை. இல்லை என்று சொல்ல நினைத்தேன். குடித்திருக்கிறார் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் கண்ணால் சொன்னார்.

அங்கிருந்து நான் ஓட்டினேன். அண்ணன் இடப்பக்க இருக்கையில் முதல்முறையாக உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், “இங்க ஜன்னலே இல்லாத மாதிரி இருக்குடா” என்றார்.

தஞ்சாவூரில் ஒரு கண் டாக்டர் அம்மாவிடம் போனோம். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் அண்ணன் தடங்கல் இல்லாமல் படித்தார். பிறகு வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சிறு வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணனின் கை நீண்ட நேரம் அழுத்தாமலேயே இருப்பதை நான் பின்னால் நின்று பார்த்தேன். வந்த படத்தில் இரண்டு கண்ணுக்கும் இடது பாதி கறுப்பாக இருந்தது.

“கண்ணுல கோளாறு இல்லைங்க. தலையில பட்ட அடி. எடது பக்கம் பாக்குறது மூளைக்குப் போய்ச் சேரலை. நேரா இருக்குறது நல்லாத் தெரியும். அதனாலதான் உங்களுக்கே புரியலை” என்றார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். அண்ணன் விவசாயம் என்றார். “வண்டி ஓட்டக் கூடாது. சைக்கிள்கூட வேண்டாம்.”

“சரிங்க டாக்டர்.”

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். “இது யாருக்கும் தெரிய வேணாம்” என்றார்.

“அண்ணிக்கு?”

“அவளுக்கும்தான். ஒரே ஒரு பந்தயம் மணி. முன்னாடி போயிட்டா எடது பக்கம் எவன் இருக்கான்? முன்னாடி போயிடுறேன்.”

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அவர் சொன்னால் நடக்கும் என்று இருபது வருடத்துக்கு மேல் பார்த்துப் பழகியவன் நான். தலையை ஆட்டினேன்.

கடைசிப் பந்தயத்துக்குச் சென்னைக்குப் போனோம். தடத்து மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார், எழுத்துப் பலகையைக் காட்டினார். அந்நாளில் அவ்வளவுதான் வழக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டார். பயிற்சி ஓட்டத்தில் அண்ணன் தலையை இடப்பக்கம் வெட்டி வெட்டித் திருப்பிக்கொண்டே ஓட்டினார். பாலு பார்த்துவிட்டு, “என்னய்யா அண்ணன் கோழி மாதிரி கழுத்தத் திருப்புறாரு? சுளுக்கா?” என்றான். ஆமாம் என்றேன்.

ஓட்டம் முடிந்து காரை உள்ளே கொண்டுவந்தபோது அதன் மூக்கின் இடப்பக்கத்தில் சிவப்புக் கீறல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்புக் காரை ஓட்டிய இளைஞன் வந்தான். அந்த வருடம்தான் ஓட்ட வந்தவன், பட்டத்துக்கு அண்ணனோடு போட்டியில் இருந்தவன். மீசைகூட ஒழுங்காக வளரவில்லை. அண்ணன் ஓட்டியதைப் பார்த்து ஓட்டக் கற்றவன். கோபம் இல்லாமல்தான் கேட்டான்.

“சார், நான் ஒங்க பக்கத்துல பாதி கார் அளவு உள்ள வந்துட்டேன் சார். நீங்க அப்படியே மூடிட்டீங்க. நான் செவுத்த ஒரசிட்டேன். என்னைப் பாக்கலையா சார்?”

“பாத்தேன்பா” என்றார் அண்ணன். “பாத்துத்தான் மூடுனேன். நீ விட்டுக் குடுப்பியான்னு பாத்தேன்.” அவன் தோளில் தட்டினார்.

அந்த இளைஞன் சிரித்தான். சாம்பியன் தன்னை எதிராளியாக மதித்துவிட்டார் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. அவன் போன பிறகு அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. டயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

தனியாக அவரிடம் பேசினேன். வேண்டாம்ணே என்றேன். “வேணாம்னா ஊருக்குப் போயி என்னடா பண்றது? அதச் சொல்லு” என்றார். அதற்குப் பதில் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வரிசையில் யார் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கும் நேர ஓட்டத்தில் அண்ணன் இரண்டாவது வந்தார். முதலாவது அந்த இளைஞன். அப்படியென்றால் புறப்படும் வரிசையில் அவன் இடப்பக்கம், ஒரு மூக்கு முன்னால். அண்ணன் வலப்பக்கம். முன்னாடி போய்விட்டால் இடப்பக்கம் யாரும் இல்லை என்ற கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. முதல் வளைவு இடது வளைவு, அவன் இருக்கும் பக்கமே திரும்ப வேண்டும்.

வரிசையில் கார்கள் நின்றன. வெயில். குனிந்து பெல்ட் போட்டேன். இடுப்பு, தொடை, தோள். மூச்ச விடுங்கண்ணே என்றேன், விட்டார், இழுத்தேன். விரல் நுழையவில்லை. எஞ்சின்கள் ஓட ஆரம்பித்தன. விசில் ஊதினார்கள். மெக்கானிக்குகள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். என் கை பூட்டின்மேல் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

முதலில் அவருக்குப் புரியவில்லை. என்னவோ சரிசெய்கிறேன் என்று காத்திருந்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“மணி. கைய எடு.”

நான் தலையை ஆட்டினேன்.

“எடுடா.”

முன்னால் கொடி அசைந்தது. பந்தயத்துக்கு முன்னால் ஒரு சுற்றுப் போய்வருவதற்காகக் கார்கள் மெதுவாக நகர ஆரம்பித்தன. இடப்பக்கத்துச் சிவப்புக் கார் போனது. பின்னால் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கியர் விழுந்திருந்தது. அவர் பெடலை அழுத்தியிருந்தால் என் கை போயிருக்கும், அவருக்குப் பந்தயம் கிடைத்திருக்கும். என்னை உதறிவிட்டுப் போக வேறெதுவும் வேண்டியதில்லை. “மணி, ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன்டா” என்றார். அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எடுத்துவிடலாம் என்று வந்தது. எடுக்கவில்லை. அவரும் அழுத்தவில்லை.

தினேஷ், அவர் ஜெயித்திருக்கிறாரா என்று கேட்டாய். ஜெயித்ததெல்லாம் எழுதிவைத்திருப்பார்கள், தேடினால் கிடைக்கும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் எதற்காக ஓடினாரோ அது அவர் கண்ணெதிரே நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவர் எனக்குக் கொடுத்த வாக்குக்காகக் காலைத் தூக்கியே வைத்திருந்தார்.

அதிகாரி ஓடிவந்தார். “என்னப்பா பிரச்சனை? எஞ்சினா? தள்ளுங்க, தள்ளி உள்ள கொண்டு போங்க, அங்கேருந்து விடுறோம்.”

உள்ளே கொண்டுபோனாலும் அவரைப் பின்னாலிருந்து ஓடவிடுவார்கள். அதனால் சொல்ல வேண்டியதாயிற்று. எஞ்சின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. கத்தினேன். “இவருக்கு எடது பக்கம் கண்ணு தெரியாதுங்க!”

தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்வையாளர் மேடை. பாலு வாயைத் திறந்தபடி நின்றான். அண்ணன் எஞ்சினை அணைத்தார். என் கையை மெதுவாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, பூட்டைத் தானே திருகி எழுந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. தடுப்புச் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே நடந்து போனார். அவர் அப்படி நடந்து போனதைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பட்டம் அந்த இளைஞனுக்குப் போனது. அவன் இன்றைக்குப் பெரிய ஓட்டுநர். அன்றைக்கு எதிலிருந்து தப்பினோம் என்று அவனுக்குத் தெரியுமோ என்னவோ. ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.

அண்ணனின் உரிமத்தை ரத்து செய்தார்கள். மறைத்துவிட்டு ஓட்டினார் என்று பத்திரிகையில் வந்தது. அதோடு நிற்கவில்லை. அப்படியென்றால் பழைய பந்தயங்களில் இடித்ததெல்லாம் என்ன என்று ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள். அவர் சுத்தமாக ஜெயித்த பந்தயங்களும் அதில் அழுக்காயின. ஓட்டுநர் பள்ளியைப் பற்றிக் கம்பெனியில் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சீசனில் எல்லா ஓட்டுநருக்கும் அந்தக் கிண்ணக் கருவிச் சோதனை கட்டாயம் ஆனது. அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. பசங்கள் கதிரேசன் டெஸ்ட் என்றார்கள். முதலில் கேலியாகச் சொன்னார்கள். இப்போது கேலிகூட இல்லை. வெறும் பெயர்.

எங்கள் குழு கலைந்தது. வேறு குழுக்களில் கேட்டுப் பார்த்தேன். பாலுதான் முகத்துக்கு நேராகச் சொன்னான்: “நீ செஞ்சது சரிதான்யா. எந்தக் கோயில்லயும் வந்து சொல்லுவேன். ஆனா இனிமே ஒங்கிட்ட எவன் பெல்ட் போட்டுக்குவான்? கை வருமா வராதான்னு நெனச்சுக்கிட்டே எவன் உக்காருவான்?” அவன் சொன்னது போலவே ஆனது. டயர் கடை, ஒர்க்‌ஷாப் என்று கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, முழங்காலும் போய், வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மல்லிகா அண்ணி வாசலிலேயே நிறுத்திவிட்டார். “நீ நல்லதுதான் செஞ்ச மணி. நான் இல்லேங்கல. என் தாலிய நீதான் காப்பாத்துன. அதுக்காக ஒன்ன வீட்டுக்குள்ள விட முடியுமா? ஒன் பேரக் கேட்டா அவரு அன்னிக்கு முழுக்கச் சாப்புட மாட்டேங்குறாரு. இனிமே வராத.” திரும்பிவிட்டேன். வருடங்கள் போயின. ஊருக்குள் அவரைப் பற்றி நல்ல செய்தி எதுவும் காதில் விழவில்லை. நிலத்தைப் பார்ப்பதில்லை, வெளியே வருவதில்லை, யாரோடும் பேச்சில்லை என்றார்கள். நான் காப்பாற்றியது இதைத்தானா என்று யோசிக்காத நாள் இல்லை.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் போனேன். அண்ணிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துச் சலித்துப்போய்க் கதவைத் திறந்தார். “சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. போய்ப் பாரு. பாத்துட்டுக் கெளம்பு.”

கூடத்தில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய இடப்பக்கமாகத்தான் உள்ளே வந்தேன். அவருக்குத் தெரியவில்லை. தட்டில் வலது பாதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டார். இடது பாதி அப்படியே இருந்தது, குழம்பு ஊற்றிய கோலத்தில். கையை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி வந்து தட்டைத் திருப்பி வைத்தார்.

“இன்னும் போட்டியா?” என்றார் அண்ணன்.

“ஆமாங்க. கொஞ்சந்தான். சாப்புடுங்க.”

திரும்பச் சாப்பிட ஆரம்பித்தார். நான் மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பார்வை படும் பக்கமாகப் போய் நின்றேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது. என்னைத் தெரிந்துகொண்டார். அதில் சந்தேகமில்லை.

“அண்ணே, மணிண்ணே. மெட்ராஸ்ல பசங்க ஒங்களப் பத்திக் கேக்குறாங்க. எழுதித் தரச் சொல்றாங்கண்ணே.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. அழுகையும் இல்லை. பிறகு தலையை மெதுவாக, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். அங்கே வெறும் சுவர். சுவரைப் பார்த்தபடியே அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தார். நின்ற இடத்திலேயே நின்றபடி, நான் அவருக்குத் தெரியாத இடப்பக்கத்துக்குப் போய்விட்டேன்.